மந்திரிமார் விடைகளும் மதுரை நாட்டு வினாக்களும்

சட்டசபையும் பார்லிமெண்டும் கூடும் நாட்களில், ஒரு மணி நேரம் அங்கத்தினர் வினவுதற்கும் மந்திரிமார் விடையிறுத்தற்கும் ஒதுக்கப்பட்டுள்ளது என்பதை நம் மாணாக்கர் யாவரும் அறிவர். அறிந்தும், மறுநாட் காலைப் பத்திரிகையில் அப்பகுதியைத் தேடிப் படிப்போர் அவருள் எத்துணைப்பேர் என்று கேட்பின், விடை மகிழ்ச்சி தருவதாயிராது. சபையில் எழுந்த கூச்சலும் வெளிநடப்பும் பெரிய எழுத்தில் வருகின்றன. வினாவும் விடையும் உட்பக்கத்து மூலையொன்றில் ஒடுங்கிக் கிடக்கின்றன. மதுரைக்கும் அதனைச் சூழ்ந்த சமவெளி நாட்டிற்கும் உண்மையில் வந்தது யாது, வாராதது யாது என்று அறிய விழைவோன் அந்த மூலையையே முதலிற் படித்தல் வேண்டும் என்பது நமது கருத்து.

இவ்வுரிமை எளிதில் வந்ததன்று. 1892 ஆம் ஆண்டுச் சட்டத்தினாற்றான் நம் நாட்டுச் சட்டசபைகளில் வினவுதல் என்பதே பல கட்டுப்பாடுகளுடன் அனுமதிக்கப்பட்டது. கிடைத்த விடையின்மேல் மீண்டும் ஒரு துணைவினாக் கேட்கும் உரிமை 1909 இல் வந்தது. அதுவும் முதல் வினாவை விடுத்தவருக்கு மட்டுமே. ஏனை அங்கத்தினரும் துணைவினா எழுப்பலாம் என்றானது 1919 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்குப் பின்னரே. ஓர் எளிய துணைவினாவிற்கு நம் முன்னோர் இருபத்தேழு ஆண்டுகள் காத்திருந்தனர் என்றால், அதன் கூர்மையை அன்றைய ஆட்சியாளர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பது வெளிப்படை.

எழுதிக் கொண்டுவந்து படிக்கும் விடை காரியாலயத்தாருடையது. துணைவினாவிற்கு எழுந்து நின்று சொல்லும் விடையே மந்திரியினுடையது. லோக்சபையில் ஒரு நாளைக்கு இருபது வினாக்கள் நட்சத்திரக் குறியிட்டு வாய்மொழி விடைக்கு வைக்கப்பெறுகின்றன. அவற்றுள் பெரும்பாலும் நாலைந்தே அந்த ஒரு மணி நேரத்தில் எடுத்துக்கொள்ளப்படும். மற்ற 230 வினாக்களுக்கு எழுத்தில் விடை வரும். அவற்றின்மேல் துணைவினா இல்லை. 2020 ஆம் ஆண்டு செப்டம்பரில், கொள்ளைநோயைக் காரணங்காட்டிக் கேள்வி நேரத்தையே நீக்கிவிட்டு, எழுத்து விடைகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். சபை கூடலாம், மசோதாக்கள் நிறைவேறலாம், மந்திரியை நிறுத்திக் கேட்பது மட்டும் நோய்க்கு ஏதுவாகும் என்ற அவ்வாதம் நமக்கு இன்றளவும் விளங்கவில்லை.

துணைவினாவின் வலிமைக்கு நம்மவர் ஒருவரே சான்றாவர். 1957 ஆம் ஆண்டில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனின் பணம் முந்த்ராவின் கம்பெனிகளில் இடப்பட்டது குறித்துப் பெரோஸ் காந்தி முதலியோர் லோக்சபையில் எழுப்பிய வினாக்கள் விசாரணையாக வளர்ந்தன. 1958 பிப்ரவரியில் நிதிமந்திரி டி. டி. கிருஷ்ணமாசாரியார் பதவி விலகினார். அவர் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிற் பயின்றவர் என்பதையும் ஈண்டுக் குறிப்பிடுதல் தகும். மிஷன் கலாசாலை மாணாக்கர் மந்திரியாவதும் உண்டு, வினவப்படுவதும் உண்டு.

வினவும் முறையைப் பற்றி மதுரையார்க்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. பாண்டியன் அவையில் நின்ற கண்ணகி அறம் தாழ்ந்தது என்று பொதுவாகப் புலம்பி மீளவில்லை. தன் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்றாள், அரசன் தன் தேவியின் சிலம்பில் உள்ளது முத்து என்றான், உடைத்துப் பார்த்தனர். உடைத்துப் பார்க்கக்கூடிய ஒன்றைச் சுட்டி வினவியமையால் விடை தப்பவில்லை. இன்று நம் பிரதிநிதிகள் விடுக்கும் வினாக்களுட் பல, 'மதுரையின் பண்பாட்டை வளர்க்க அரசு ஆவன செய்யுமா?' என்ற வடிவில் உள்ளன. 'ஆவன செய்யும்' என்பதைத் தவிர அதற்கு வேறு விடை ஏது?

நிற்க. கீழடியை எடுத்துக்கொள்வோம். அவ்வூர் இன்று சிவகங்கை ஜில்லாவைச் சேர்ந்ததாயினும், மதுரைக்குத் தென்கிழக்கே வைகைக் கரையையொட்டி நம் வாயிலிலேயே உள்ளது. மத்தியத் தொல்பொருட் காரியாலயத்தார் அமர்நாத் இராமகிருஷ்ணன் தலைமையில் 2015 இல் அங்கே தோண்டத் தொடங்கினர். 2017 இல் அவர் அஸ்ஸாமிற்கு மாற்றப்பட்டார். அடுத்து வந்த மூன்றாங்கட்ட அகழ்வு, கட்டடத் தொடர்ச்சி புலப்படவில்லை என்ற குறிப்புடன் முடிவுற்றது. 2018 முதல் நமது மாநிலத் தொல்லியல் துறையினர் அப்பணியை ஏற்றனர். அவ்வாண்டு கிடைத்த பொருள்களுள் ஒன்று கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்ற கரிமக் காலக்கணிப்பு 2019 செப்டம்பரில் வெளியாயிற்று. 2023 மார்ச்சில் ஒரு காட்சிச்சாலையும் அங்கே திறக்கப்பெற்றது.

இவ்வளவு நிகழ்ந்தும், முதலிரு கட்டங்களைப் பற்றிய மத்தியக் காரியாலயத்தின் அறிக்கை வெளிவரவில்லை. 982 பக்கங்கள் கொண்ட அவ்வறிக்கை 2023 ஜனவரியில் அளிக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் திருத்தம் வேண்டித் திருப்பி அனுப்பப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை முறை பார்லிமெண்டில் இதைப் பற்றி வினவியிருப்பர்! நம் மதுரைத் தொகுதியினின்று 2019 இலும் 2024 இலும் தேர்ந்தெடுக்கப்பட்ட எழுத்தாளர் சு. வெங்கடேசன் இவ்விஷயத்தை விடாது பற்றி நின்றவருள் ஒருவர். 2025 ஆம் ஆண்டு விடைகளின் சாரம், நிபுணர்கள் அறிக்கையை ஆராய்ந்து தம் குறிப்புகளை அகழ்வாளருக்கு அனுப்பியுள்ளனர், இன்னும் முடிவாகவில்லை என்பதே. இதிற் பொய் ஒன்றும் இல்லை. ஆயினும் அந்நிபுணர் யாவர், அவர் எழுதிய குறிப்பு யாது, இரண்டாண்டுகளுக்கு மேல் அறிக்கை யார் மேசையில் இருந்தது என்பன அவ்விடையில் இல்லை. ஆராய்ச்சியிற் கருத்து வேறுபாடு இயல்பு. காலக்கணிப்பை ஐயுறுதல் அறிவுடையார் செயலே. ஐயத்தை அச்சிட்டு வெளியிட்டால் அது புலமை. கோப்புக்குள் வைத்துப் பூட்டினால் அதற்கு வேறு பெயர். அறிக்கையையும் நிபுணர் குறிப்பையும் ஒருசேர அச்சிட்டுப் புலவருலகின் முன் வைத்தலே நேர்மை என்போம்.

பணத்தைப் பற்றிய விடைகள் இவ்வாறு மழுப்புதற்கு எளியன அல்ல, எண்கள் நாணமற்றவை. 2017 முதல் மூன்று ஆண்டுகளில் ஸம்ஸ்கிருத வளர்ச்சிக்கு மத்திய சர்க்கார் செலவிட்டது ரூ. 643.84 கோடி என்றும், தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒடியா ஆகிய ஏனை ஐந்து செம்மொழிகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ ரூ. 29 கோடி என்றும் 2020 ஆம் ஆண்டு லோக்சபையில் கொடுத்த விடையினின்று நாடு அறிந்தது. ஸம்ஸ்கிருதத்திற்குக் கொடுத்ததை நாம் குறை கூறோம். அம்மொழியைப் போற்றிக் கற்றவர் நம் மதுரையிலும் என்றும் உண்டு. நூறு மேடைப் பேச்சுகள் நிறுவ முயன்றதை ஒரே ஒரு வினா ஒரு காகிதத்தில் நிறுவிக் காட்டிற்று என்பதையே சுட்டுகின்றோம்.

விளையாட்டிற்கு வருவோம். கேலோ இந்தியா என்னும் மத்தியத் திட்டத்தில் விளையாட்டுக் கட்டுமானங்களுக்கென ஒதுக்கிய தொகை, உத்தரப் பிரதேசத்திற்கு ஏறத்தாழ ரூ. 438 கோடி, குஜராத்திற்கு ரூ. 426 கோடி, தமிழ்நாட்டிற்கு ரூ. 20 கோடி என்ற சர்க்கார் எண்கள், 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த சமயம் நாடெங்கும் பேசப்பட்டன. அவ்வாண்டு ஜனவரியிலேதான் அத்திட்டத்தின் இளைஞர் போட்டிகளைச் சென்னை, மதுரை, திருச்சி, கோயம்புத்தூர் ஆகிய நகரங்கள் ஏற்று நடத்தியிருந்தன. விருந்தை நம் வீட்டில் வைத்துப் பந்தியை வேறிடத்தில் இட்டது போன்றதே இது. ஆயினும் ஒருபாற் கோடாது நோக்கின், விளையாட்டு என்பது அரசியற் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலங்களுக்குரியது; மத்திய மந்திரிமார் அதனையே கேடயமாகக் கொள்வர். நம் மாநிலம் அனுப்பிய விண்ணப்பங்கள் எத்தனை, எவை எக்காரணத்தால் ஏற்கப்படவில்லை என்ற துணைவினாவே அக்கேடயத்தைத் துளைக்கும். அவ்வினாவைச் சென்னையிலும் கேட்டல் வேண்டும், டில்லியிலும் கேட்டல் வேண்டும். ஓரிடத்தில் மட்டும் கேட்பது கட்சிக்காரர் வழக்கம்.

மாநில மந்திரிமாரும் வினாவிற்குத் தப்பியவர் அல்லர். அலங்காநல்லூருக்கு அருகே கீழக்கரை என்னும் சிற்றூரில் (இராமநாதபுரத்துக் கடற்கரைக் கீழக்கரை வேறு) சுமார் ரூ. 44 கோடிச் செலவில் எழுப்பிய ஏறுதழுவுதல் அரங்கம் 2024 ஜனவரி 24 இல் திறக்கப்பெற்றது. 2014 இல் உச்ச நீதிமன்றம் விதித்த தடையும், 2017 ஜனவரியில் தமுக்கம் மைதானத்தில் இரவும் பகலும் அமர்ந்திருந்த இளைஞர் கூட்டமும், 2023 மே மாதத்தில் வந்த தீர்ப்பும் நம்மவர் நெஞ்சில் பசுமையாக உள்ளன. அந்த நன்றியுணர்வில் அரங்கம் எழுந்தது இயல்பே. ஆனால் அவனியாபுரமும் பாலமேடும் அலங்காநல்லூரும் தைத்திங்களில் தத்தம் ஊர் வாடிவாசலிலேயே காளையை அவிழ்த்துவிடுகின்றன. ஊர்த் தெய்வத்தின் பெயரால், ஊர்ப் பெரியோர் முன்னிலையில், ஊர் மண்ணில் நடப்பது அவ்விழா. அதனைப் படிக்கட்டும் மேற்கூரையும் உள்ள அரங்கிற்குப் பெயர்க்கலாம் என்று எண்ணியவர் எவரோ, அவர் பாலமேட்டார் எவரையும் கலந்து பேசியிரார். ஆண்டின் எஞ்சிய நாட்களில் அவ்வரங்கம் யாது செய்கிறது, அதனைக் காத்தற்குச் செலவு எவ்வளவு என்னும் வினாக்களை ஆளுங்கட்சியாரே முதலில் எழுப்பியிருப்பின் அவர்க்குப் பெருமையாயிருந்திருக்கும்.

தோப்பூர் எய்ம்ஸ் மருத்துவமனையின் கதை நெடியது, சுருங்கச் சொல்வோம். 2015 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்நாட்டிற்கு அறிவிக்கப்பட்டது, 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பெற்றது, கட்டடப் பணி 2024 இலேதான் தொடங்கிற்று. மதுரைப் பெயர் தாங்கிய அக்கலாசாலையின் முதல் மாணாக்கர் 2022 முதல் இராமநாதபுரத்திற் படித்தனர். இத்தனை ஆண்டுகளும் சபையில் வினாவிற்கு விடை வராமலில்லை. 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்பதும் விடையே. மந்திரி சபையில் தரும் உறுதிமொழிகளைக் கண்காணிக்க லோக்சபையில் 1953 முதல் ஒரு குழு உண்டு; மூன்று மாதங்களுள் நிறைவேற்றுக என்பது விதி. மூன்று மாதம் எவ்வாறு ஒன்பதாண்டுகளாக நீண்டது என்பதற்கு அக்குழுவின் அறிக்கைகளை நம் பொருளாதார வகுப்பினர் எடுத்துப் படிக்கலாம்.

குறை மந்திரிமாரிடம் மட்டும் உள்ளதன்று. நம் சட்டசபையில் அங்கத்தினர் எழுந்து தலைவரை வாழ்த்தி, தொகுதியை வாழ்த்தி, நன்றி கூறி, முடிவில் ஒரு வரியில் வினவுகின்றனர்; மந்திரியும் அவ்வாறே வாழ்த்தி முடிவில் ஒரு வரியில் விடை தருகின்றார். கட்சி மாறினும் இவ்வழக்கம் மாறக் காணோம். கேள்வி மணியில் மணித்துளிகள் பொன்னினும் அரியன என்பதை எவரும் எண்ணுவதில்லை. நம் கலாசாலைச் சொற்போர் மன்றத்தாரும், ஆண்டுதோறும் நடத்தும் மாதிரிச் சட்டசபையில் நீண்ட சொற்பொழிவுகளைக் குறைத்து, பாதிப் பொழுதைத் துணைவினாவிற்கு ஒதுக்குவாராயின், மந்திரியாக நடிக்கும் மாணாக்கர் புள்ளி விவரம் படித்து வரவேண்டிய கட்டாயம் நேரும்.

அவர்கள் தொடங்குதற்கு ஒரு பொருளும் கூறுவோம். 2025 நவம்பர், டிசம்பர் மாதங்களில் இளையோர் உலகக்கோப்பை ஹாக்கிப் பந்தயங்கள் சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்றன. அதற்கென ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் உலகத் தரமுள்ள செயற்கைப் புல்தளம் அமைக்கப்பெற்றது. ஜெர்மனியர் கோப்பையைக் கொண்டு சென்றனர், நம் நாட்டார் வெண்கலம் பெற்றனர், புல்தளம் மட்டும் நம்மிடம் தங்கிற்று. அத்தளம் ஆட்டத்திற்கு முன் நீர் தெளிக்கப்பட வேண்டியது. மதுரையோ சித்திரை வைகாசியிற் குடிநீருக்கே குடத்தை வரிசையில் வைக்கும் ஊர். அந்நீர் எங்கிருந்து வருகிறது? ஆண்டு ஒன்றிற்குப் பராமரிப்புச் செலவு எவ்வளவு, அதனை ஏற்பவர் யார்? மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துச் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள் மாதத்தில் எத்தனை நாள், என்ன கட்டணத்திற்கு அதில் இறங்கி ஆடலாம்?