குறுக்கே வந்தவன்

சைக்கிளில் போகிறவன்மேல் வண்டி மோதினால் சொல்வதற்கு நம் ஆட்களிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. ‘திடீர்னு குறுக்க வந்துட்டான்.’ மோதியவன் இதைச் சொல்கிறான். டீக்கடையில் நின்றவர் இதைச் சொல்கிறார். பஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவனும், எதையுமே பார்க்காதவனும் இதையே சொல்கிறார்கள். காவல் நிலையத்தில் ரைட்டர் இதையே எழுதுகிறார். கடைசியில் அடிபட்டவனே ‘நான்தான் குறுக்க போயிட்டேன் போலிருக்கு’ என்று நம்ப ஆரம்பித்துவிடுகிறான்.

நான் கவிதை எழுதுகிறவன். சொல்லைச் சந்தேகப்படுவது என் பழக்கம். வயிற்றுப் பிழைப்புக்கு வங்கியில் எழுத்தர். கணக்கைச் சரிபார்ப்பது என் வேலை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ‘குறுக்கே’ என்கிற ஒரு சொல் என்ன வேலை செய்கிறது, அதன் விலை என்ன என்று பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போன வருஷம் ஒருநாள் காலை, விழுப்புரம் பக்கம் ஒரு மாநில நெடுஞ்சாலையில் வங்கிக்குப் போய்க்கொண்டிருந்த என்னைப் பின்னாலிருந்து ஒரு கார் இடித்தது. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, தார் முடிந்து மண் ஆரம்பிக்கிற விளிம்பில் போய்க்கொண்டிருந்தேன். அதற்கும் இடது பக்கம் போனால் அரை அடிப் பள்ளம். காரின் பக்கக் கண்ணாடி என் வலது கையில் பட்டது. இடது தோள் தரையில் அடிக்க விழுந்தேன். காறை எலும்பு ஒடிந்தது. பின் சக்கரம் எட்டு போட்டுவிட்டது. பின்னாலிருந்து வந்து இடித்தவனுக்கு முன்னால் போனவன் எப்படிக் குறுக்கே வந்திருக்க முடியும்? கார்க்காரர் இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை அதுதான்: ‘குறுக்க வந்துட்டான் சார்.’ யாரும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

அப்புறம் கேள்விகள். ‘எந்த ஊருப்பா?’ சொன்னேன். ‘ஊரா, காலனியா?’ அதையும் சொன்னேன். ‘பாத்துப் போக மாட்ட?’ என்றது ஒரு குரல். அதே குரல் என் கழுத்தில் தொங்கிய வங்கி அடையாள அட்டையைப் பார்த்ததும், ‘சார், நெழல்ல வந்து உக்காருங்க’ என்று மாறியது. ஒடிந்த எலும்பு ஒன்றுதான். அதற்குள் நான் ‘நீ’யாகி, ‘நீங்க’ளும் ஆகிவிட்டேன்.

காவல் நிலையத்துக்கு என் தம்பி போனான். ரைட்டர் எழுதிய வரைவில், ‘சைக்கிளில் சென்றவர் திடீரென வலதுபுறம் திரும்பியதால்’ என்று இருந்தது. கூடப் போன எங்கள் ஊழியர் சங்கத் தோழர் அதைப் படித்துப் பார்த்து, ‘இதை யாரு சொன்னாங்க?’ என்று கேட்டார். பதில் இல்லை. வாக்கியம் மாறியது. எனக்குச் சங்கம் இருந்தது, சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு இருந்தது, படிக்கத் தெரிந்த தம்பி இருந்தான். அதனால் மாறியது.

ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். பேரூராட்சியில் ஒப்பந்தத் துப்புரவு வேலை. விடியற்காலை நாலரை மணிக்குச் சைக்கிளில் வேலைக்குப் போனபோது ஒரு வண்டி இடித்துக் கால் முறிந்திருந்தது. மூன்றாம் நாள் வண்டிக்காரர் தரப்பில் நாலு பேர் வந்தார்கள். வயதில் அவர்களுக்கு அப்பா மாதிரி இருப்பார். அவரை ‘யோவ்’ என்றார்கள். அவர் அவர்களை ‘ஐயா’ என்றார். ஐயாயிரம் ரூபாயும் ஒரு காகிதமும் கொண்டுவந்திருந்தார்கள். ‘நீதான குறுக்க வந்த, இருந்தாலும் மனசு கேக்கல, வச்சுக்க’ என்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா சொன்னார்: ‘வேலைக்குப் போனாத்தான் கூலி. கோர்ட்டுக்குப் போனா யாரு தம்பி சோறு போடுவா?’ கையெழுத்து போட்டாயிற்று.

ஐயாயிரம் என்பது நியாயமா என்று கேட்க வேண்டாம். சட்டம் எப்படிக் கணக்கு போடுகிறது என்று மட்டும் பார்ப்போம். விபத்தில் செத்துப்போனவரின் குடும்பத்துக்கு இழப்பீடு கணக்கிட உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளில் வழிமுறை வகுத்திருக்கிறது. ஒன்று 2009இல் சரளா வர்மா வழக்கு. மற்றது 2017இல் பிரனய் சேத்தி வழக்கு. சம்பளத்தை எடுத்துக்கொள். நாற்பது வயதுக்குக் கீழே நிரந்தர வேலையில் இருந்தால் எதிர்கால உயர்வுக்காக 50 சதவீதம் கூட்டு. சுயதொழிலோ தொகுப்பூதியமோ என்றால் 40 சதவீதம் கூட்டு. அவரை நம்பி இரண்டு மூன்று பேர் இருந்தால் மூன்றில் ஒரு பங்கைக் கழி. 31 முதல் 35 வயது வரை என்றால் 16ஆல் பெருக்கு.

ஒரு வங்கி எழுத்தருக்கு மாதம் 50,000 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 75,000. வருஷத்துக்கு 9 லட்சம். மூன்றில் ஒரு பங்கு போக 6 லட்சம். 16ஆல் பெருக்கினால் 96 லட்சம். அதே வயதுள்ள ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளிக்கு மாதம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 14,000. வருஷத்துக்கு 1,68,000. கழித்தால் 1,12,000. 16ஆல் பெருக்கினால் 17,92,000. ஈமச் செலவு முதலானவை தனி. சம்பள வித்தியாசம் ஐந்து மடங்கு. உயிரின் வித்தியாசம் ஐந்து மடங்குக்கும் மேலே. நிரந்தர வேலை கொடுக்காமல் ஒப்பந்தத்தில் வைத்திருந்தார்களே, அந்த அநியாயம் சாவுக்குப் பிறகும் கூடவே வந்து பத்து சதவீதம் வெட்டுகிறது. யார் எந்த வேலையில் எவ்வளவு சம்பளத்துக்கு நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்பதில் சாதி இருக்கிறது என்றால், இந்தக் கணக்கிலும் சாதி இருக்கிறது. நீதிபதி அந்த வார்த்தையை உச்சரிக்க வேண்டிய அவசியமே இல்லை.

இப்போது ‘குறுக்கே’வுக்கு வருவோம். அடிபட்டவன் பேரிலும் தவறு உண்டு என்று தீர்ப்பாயம் கண்டால், அந்தப் பங்கு இழப்பீட்டில் கழிக்கப்படும். கால் பங்கு தவறு அவனுடையது என்று முடிவானால் 17,92,000இல் 4,48,000 போயிற்று. ஆக, முதல் தகவல் அறிக்கையில் ஒரு ரைட்டர் போகிறபோக்கில் எழுதுகிற ‘குறுக்கே’ என்கிற சொல்லின் விலை நாலு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் வரைக்கும் போகலாம். தமிழில் வேறெந்தச் சொல்லுக்கும் இந்த விலை கிடைக்காது. நான் எழுதின கவிதைகள் அத்தனைக்கும் சேர்த்தே ஐந்நூறு ரூபாய் வந்ததில்லை.

‘எல்லாத்துலயும் சாதியத் தேடாதீங்கப்பா, லாரிக்கு சாதி தெரியுமா?’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. லாரிக்குத் தெரியாது. ஆனால் விடியற்காலை நாலரை மணிக்கு விளக்கில்லாத சாலையின் ஓரத்தில் யார் சைக்கிள் மிதிக்கிறார்கள் என்பது சாலைக்குத் தெரியும். விபத்தின் காரணம் மோதுகிற அந்த நொடிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்று நினைப்பதுதான் பொதுப்புத்தி. அது அப்படி இல்லை என்பதற்கு நம்மிடம் பழைய சாட்சியம் ஒன்று இருக்கிறது.

1929ஆம் ஆண்டு. பம்பாய் மாகாணத்தில் தீண்டப்படாதோரின் குறைகளை விசாரிக்க அரசு போட்ட குழுவில் அம்பேத்கர் ஓர் உறுப்பினர். சாலீஸ்காவ் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். மகர்கள் குடியிருப்புக்கு அழைத்துப்போக நம் ஆட்கள் குதிரை வண்டி தேடினார்கள். தீண்டப்படாதவரை ஏற்றி வண்டி ஓட்ட எந்த வண்டிக்காரனும் சம்மதிக்கவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்குத் தருவான், ஓட்ட மாட்டான். வந்த தலைவரை நடக்கவைக்க மனசில்லாமல், ஓட்டிப் பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். ஆற்றுப் பாலத்தில் வண்டி கவிழ்ந்தது. பாரிஸ்டர் அம்பேத்கர் பாலத்தின் கல்தளத்தில் தூக்கியெறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. தன் வாழ்க்கைக் குறிப்புகளில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

அன்றைக்கு ஒரு ரைட்டர் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்? ‘ஓட்டுநரின் அனுபவமின்மை.’ அது பொய் இல்லை. ஆனால் பழகிய வண்டிக்காரன் ஏன் இறங்கி நின்றான் என்பதை அந்த வாக்கியம் எழுதாது. அடிபட்டவர்கள் பக்கம் தவறு, அதை உண்டாக்கியவன் பக்கம் வெறும் வேடிக்கை. விபத்து என்கிற சொல்லாடல் முழுவதும் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

நம் சாலைகளைப் பாருங்கள். ஊர் ஒரு பக்கம், காலனி மறுபக்கம். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் நிறுத்தம் எல்லாம் ஊர்ப் பக்கம். நடுவில் நாலுவழிச் சாலை போட்டு, மையத்தில் தடுப்புச் சுவர் எழுப்பி, திரும்புகிற இடத்தை இரண்டு கிலோமீட்டர் தள்ளி வைக்கிறார்கள். சைக்கிளில் போகிற பிள்ளை எதிர்த்திசையில் வருகிறது, தடுப்பின் சந்தில் சைக்கிளைத் தூக்கிக் கடக்கிறது. ‘குறுக்க வருதுங்க’ என்கிறார்கள். யார் குறுக்கே வந்தது? காலனி அங்கே முன்னாடியே இருந்தது. பள்ளிக்கூடமும் இருந்தது. சாலைதான் குறுக்கே வந்தது.

சைக்கிள் நமக்கு வெறும் வாகனமும் இல்லை. ஊர்த் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன அப்பன்களின் பிள்ளைகள் நாம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் கல்லுடைக்கிற பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானவர்கள் சைக்கிள் கற்றுக்கொண்டு சாலையில் இறங்கியது சின்ன விஷயம் இல்லை. எனக்கு முதல் சைக்கிள் 2007இல் பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் ஒரு திருத்தம் வந்தது. 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கிறது. பட்டியல் சாதியினர் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று அதில் தனியாகவே எழுத வேண்டியிருந்தது. 2015இல்! இறங்கு என்று சொல்ல இப்போது தயங்குகிறார்கள் என்றால் அதற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம். நல்லது. ஏறி உட்கார்ந்துவிட்டோம். உயிரோடு வீடு திரும்புவது அடுத்த உரிமை.

2022இல் இந்தியாவிலேயே அதிக சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். நம் இயக்கங்கள் சாதிவெறிக் கொலைக்குத் தெருவில் இறங்குகின்றன. விபத்துச் சாவுக்கு மாலையோடு போய்த் திரும்பிவிடுகிறோம். ‘விதி’ என்று ஊர் சொல்வதை நாமும் மௌனமாக ஒத்துக்கொள்கிறோம். இது போதாது. மாணவத் தோழர்களால் செய்ய முடிந்த வேலைகளைச் சொல்கிறேன்.

அடிபட்டவரை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கட்ட வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் இது. கொண்டுபோய்ச் சேர்க்கிறவரை வழக்கில் சிக்கவைக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு சொல்கிறது. பயப்பட வேண்டாம்.

சைக்கிளுக்கு லைசென்ஸ் கிடையாது, இன்ஷூரன்ஸ் கிடையாது. ‘ஒங்கிட்ட என்ன பேப்பர் இருக்கு?’ என்று மிரட்டினால் சிரியுங்கள். பேப்பர் இருக்க வேண்டியது மோதியவனிடம். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் மோட்டார் வாகனம் சாலைக்கு வரவே கூடாது. இழப்பீட்டு வழக்கை அடிபட்ட இடத்தில்தான் போட வேண்டும் என்றில்லை. நாம் குடியிருக்கிற பகுதியின் தீர்ப்பாயத்திலும் போடலாம். 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதக் கெடு சட்டத்தில் இருக்கிறது. அந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன என்பதை நம்பி உட்கார்ந்திருக்காமல், ஆறு மாதத்துக்குள் மனுவைப் போட்டுவிட வேண்டும்.

இடித்துவிட்டு ஓடிய வண்டி எது என்றே தெரியவில்லையா? அதற்கும் 161ஆம் பிரிவு இருக்கிறது. சாவுக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. 2022 மார்ச் வரை இது 25,000மும் 12,500மாக இருந்தது. வருவாய்த் துறை அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். கேட்காதவர்களுக்கு வீடு தேடி வராது.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த முதல் வாக்கியம். ஒவ்வொரு காலனியிலும் எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு பேர், விபத்து என்றதும் காவல் நிலையத்துக்குக் கூடப் போகிறவர்களாக இருந்தால் போதும். எனக்குச் சங்கம் செய்ததை அந்தத் துப்புரவுத் தொழிலாளிக்கு நாம் செய்ய முடியும். புகார் கொடுத்தவருக்கு எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும், நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். ‘படிங்க சார், கேக்கறோம்’ என்று சொல்லுங்கள். எங்கே போய்க்கொண்டிருந்தார், எந்த ஓரத்தில், எந்தத் திசையிலிருந்து வண்டி வந்து இடித்தது, எல்லாம் நாம் சொன்னபடி இருக்கிறதா என்று பாருங்கள். ‘குறுக்கே’ என்று இருந்தால், யார் சொன்னது என்று கேளுங்கள். அதை அடித்துவிட்டு நடந்ததை எழுதின பிறகு கையெழுத்து போடுங்கள்.