காயலான் கடைக்குப் போடும் முன்



மார்கழி பிறந்துவிட்டால் பொங்கலுக்காக ஒதுக்கிச் சுத்தம் செய்யும் வேலை எல்லா ஊரிலும் தொடங்கிவிடும். தூத்துக்குடியில் அது வீட்டுப் பரணோடு நிற்காது, கிட்டங்கி வரை போகும். உப்பு, பஞ்சு, கருவாடு, ஏற்றுமதிச் சரக்கு என்று ஏதாவதொரு தொழிலுக்காகக் கட்டிய கிட்டங்கிகள் இங்கே ஏராளம். அவற்றின் மூலையில் சாக்குப் போட்டு மூடிய சாமான்களில், இப்போதெல்லாம் பழைய கம்ப்யூட்டர்களும் வெளியே வருகின்றன. கப்பல் ஏஜென்ஸிகளும் கிளியரிங் அலுவலகங்களும் உப்புக் கம்பெனிகளும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பெரிய விலை கொடுத்து வாங்கி, புதிது வந்ததும் ஓரங்கட்டியவை அவை.

“இதை என்ன விலைக்குக் கொடுக்கலாம்?” என்று கேட்டு நமக்கு எழுதும் வாசகர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, இந்த மாதம் இந்தப் பக்கத்தையே அதற்கு ஒதுக்கிவிட்டேன்.

பதிலின் சாரம் இதுதான். பார்க்காமல் எடைக்குப் போடாதீர்கள். லட்சக்கணக்கில் கனவும் காணாதீர்கள். முதலில் இனம் பிரியுங்கள். விலை அதற்குப் பிறகுதான்.

இனம் பிரித்து விலை வைப்பதில் நம் கரைக்கு நீண்ட பழக்கம் உண்டு. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்பது வாங்குபவரின் பாடு. ஆனால் ஏலதாரர்களைக் கண்ணைக் கட்டி விடவில்லை. குளிப்புக்கு முன்பே கடலடியில் சிப்பி விளையும் பாரில் இருந்து மாதிரிக்குச் சிப்பி எடுத்து, அதில் கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு, அந்தக் கணக்கை வெளியிடுவார்கள். முத்து கைக்கு வந்த பிறகு அடுத்த கட்டம். பெரிய துளையிலிருந்து சிறிய துளை வரை வரிசையாக அமைந்த பித்தளைச் சல்லடைகளில் சலித்து அளவு பிரிப்பார்கள். உருட்சியும் ஒளியும் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். அதன் பிறகே தராசு. எடை கடைசியில்தான் வந்தது. 1961-ஆம் ஆண்டோடு அந்தக் குளிப்பு நின்றுபோனது. அந்த ஒழுங்கு மட்டும் இன்றைக்கும் உதவும்: உள்ளதைச் சொல்லி விற்பது, தரம் பிரித்து விலை வைப்பது. காயலான் கடையில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே தராசுதான் முதலும் கடைசியும்.

பழசு என்றாலே விலை போகும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். 1976-ல் வந்த ஆப்பிள் 1 என்ற கம்ப்யூட்டரின் அன்றைய விலை 666.66 டாலர். மொத்தம் ஏறக்குறைய 200 தான் செய்தார்கள். அதில் ஒன்றை 2014 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 9,05,000 டாலருக்கு எடுத்தது. இந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் பலரும் பரணில் ஏணி வைக்கிறார்கள். 1982-ல் வந்த கொமடோர் 64 என்ற கம்ப்யூட்டரும் பழசுதான். ஆனால் அது உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேல் விற்றது. இன்றும் தேடினால் கிடைக்கிறது; ஆகவே விலையும் சாதாரண மனிதர் கைக்கு எட்டுகிறது. எத்தனை மிச்சம் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், என்ன நிலையில் இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் விலை. வயது அதற்குப் பின்னால்தான் வரும்.

இந்தக் கணக்கில் நம் நாட்டுக் கம்ப்யூட்டர்களுக்குத் தனி இடம் உண்டு. அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி இந்தியக் கிளையில் தன் பங்கைக் குறைத்துக்கொள்ள மனமில்லாமல் ஐபிஎம் 1978-ல் இந்தியாவை விட்டு வெளியேறியது. அந்த இடத்தை நிரப்ப உள்ளூர்க் கம்பெனிகள் இறங்கின. திருச்செந்தூர் பக்கம் மூலைப்பொழி கிராமத்தில் பிறந்த ஷிவ் நாடார், 1976-ல் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய ஹெச்சிஎல் அவற்றில் முக்கியமானது. 1978-லேயே 8சி என்ற சொந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார்கள். எண்பதுகளில் அவர்களுடைய ‘பிஸிபீ’ நாடெங்கும் அலுவலகங்களுக்குப் போனது. டிசிஎம், விப்ரோ, ஹைதராபாத் இசிஐஎல் ஆகியவையும் அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் செய்தவை.

பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்களின் கதை இன்னும் சுவையானது. 1984-85-ல் மத்திய அரசு ‘கிளாஸ்’ திட்டத்தின் கீழ் பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. அதே வகையைப் பஞ்சாபின் மொஹாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் இங்கேயே செய்தது. உங்கள் ஊர்ப் பள்ளியின் ஆய்வகப் பீரோவில் அந்தப் பெயர் பொறித்த பெட்டி ஒன்று கண்ணில் பட்டால், தயவுசெய்து அதைக் கழிவுப் பட்டியலில் சேர்க்காதீர்கள். வெளிநாட்டுக் கம்ப்யூட்டர்களைப் பாதுகாக்க வெளிநாட்டில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம்முடையதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளில் உதிரிப் பாகம் வாங்கி உள்ளூரில் பூட்டிய ‘அசெம்பிள்டு’ பெட்டிகளுக்கு இந்த மதிப்பு கிடையாது. கிட்டங்கியில் கிடைப்பதில் பெரும்பகுதி அதுவாகத்தான் இருக்கும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. இருப்பது இன்னதென்று தெரிந்துகொண்டால் போதும். அதற்குப் பெட்டியைப் பின்புறமாகத் திருப்பி, லேபிளில் உள்ள கம்பெனி பெயர், மாடல் எண், வரிசை எண் மூன்றையும் தெளிவாகப் படம் எடுங்கள்.

அடுத்து வரும் ஆசை, பிளக்கைச் சொருகி ஓடுகிறதா என்று பார்ப்பது. அதைச் செய்யவே செய்யாதீர்கள். நம் ஊர் உப்புக்காற்றில் வருடக்கணக்கில் கிடந்த பொருள் அது. பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளையில் உள்ள ஒருவகைக் காகிதக் கப்பாசிட்டர் நாளாவட்டத்தில் மேலுறை விரிசல் விட்டு ஈரம் குடித்திருக்கும். கரண்ட் கொடுத்த சில நிமிடங்களில் நாற்றமடிக்கும் புகையோடு வெடித்துவிடும். 286, 386, 486 வகைப் பெட்டிகளில் வேறொரு எதிரி. மதர்போர்டின் ஓரத்தில் விரல் நுனி அளவுக்கு உருளையாக ஒரு பேட்டரி ஒட்டியிருக்கும். கடிகாரம் ஓடுவதற்காக வைத்தது. அது கசிந்து, சுற்றிலும் பச்சைக் களிம்பு பூத்து, பக்கத்துச் செம்புக் கோடுகளைத் தின்றிருக்கும். கசிவு கீபோர்டு சொருகும் இடம் வரை போயிருந்தால் பாதி விலை போய்விட்டது என்று அர்த்தம். கசியாமல் இருந்தால் விவரம் தெரிந்த மெக்கானிக்கை வைத்து உடனே அதை வெட்டி எடுத்துவிடுங்கள். பழைய மானிட்டரை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. உடைத்துப் போடுவதும் கூடாது.

விலை பார்க்கும்போது இணையத்தில் கேட்கும் விலையை நம்பாதீர்கள். யாரும் எதையும் கேட்கலாம். முடிந்த ஏலங்களில் உண்மையிலேயே விற்ற விலை என்ன என்று பாருங்கள். அதே மாடல், அதே நிலை, மூன்று நான்கு விற்பனையாவது சேர்த்துப் பாருங்கள். அதிலிருந்து பழுதுபார்க்கும் செலவு, பொட்டலம் கட்டும் செலவு, அனுப்பும் கூலி மூன்றையும் கழித்தால் கிடைப்பது உங்கள் விலை. டியூப் மானிட்டரைப் பொறுத்தவரை அனுப்பும் கூலியே பொருளின் விலையைத் தாண்டிவிடக்கூடும். நேரில் வந்து எடுத்துக்கொள்பவருக்குக் குறைத்துக் கொடுப்பதுதான் லாபம்.

பிரித்து விற்காதீர்கள். பெட்டி, அதற்குரிய கீபோர்டு, கையேடு, பிளாப்பிகள், வாங்கிய பில், கிடைத்தால் தெர்மோகோலோடு அட்டைப்பெட்டி, எல்லாம் ஒன்றாக இருந்தால் விலையே வேறு. பீச் ரோட்டு வாசகர் ஒருவரிடம் நல்ல நிலையில் ஓர் எண்பதுகளின் பெட்டி இருந்தது. கீபோர்டு மட்டும் இல்லை. போன வருடம் ஒயர்களோடு சேர்த்து எடைக்குப் போயிருந்தது. அந்தக் காலத்தில் பல கம்பெனிகளின் கீபோர்டு வேறொன்றில் பொருந்தாது. தனியாகத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. விளம்பரத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். “சோதிக்கவில்லை, ஒரு மூலையில் துரு இருக்கிறது” என்று எழுதிப் படமும் போட்டால் சேகரிப்பாளர்கள் நம்பி வாங்குவார்கள்.

விற்பதற்கு முன் ஒரு கடமை இருக்கிறது. ஹார்டு டிஸ்கிலும் பிளாப்பியிலும் உங்கள் வியாபாரக் கணக்கும் வாடிக்கையாளர் விவரமும் இருக்கும். வேண்டியதைப் பிரதி எடுத்துக்கொண்டு மீதியை அழித்துவிட வேண்டும். ஆனால் தமிழில் அடித்த ஏதாவது இருந்தால் அழிக்கும் முன் நில்லுங்கள். கனடாவிலிருந்து கே. சீனிவாசன் 1984-ல் ஆதமி என்ற தமிழ் மென்பொருளையும், அடுத்த ஆண்டு மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறன் முரசு என்ற மென்பொருளையும் உருவாக்கிய காலம் தொட்டு, கம்ப்யூட்டரில் தமிழ் எழுதியவர்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் எழுதினார்கள். யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறை எல்லோர் கைக்கும் வரும்வரை இதுதான் நிலைமை. அந்தக் காலத்துச் சிறுபத்திரிகைகள், கோவில் மலர்கள், சங்க அறிக்கைகள் பல அச்சில்கூட மிஞ்சவில்லை. ஏதோ ஒரு பிளாப்பியில் கிடக்கின்றன. கோப்போடு எழுத்துருவையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் வெறும் குறிகள்தான் வரும்.

எதற்கும் தேறாத பெட்டிகளைக்கூடக் கண்ட இடத்தில் போடக் கூடாது. பழைய போர்டுகளில் கொஞ்சம் தங்கம் இருப்பது உண்மை. அதற்காக ஒயரைக் கொளுத்துவதும் ஆசிட்டில் முக்குவதும் நம் மண்ணையும் அந்த வேலை செய்பவரின் நுரையீரலையும் கெடுக்கும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற நிறுவனங்கள்தான் அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும்.

வாசகர்களிடம் என் வேண்டுகோள் எளியது. இந்தப் பொங்கலுக்குக் கிட்டங்கியைத் திறக்கும்போது, கம்ப்யூட்டர் எதுவானாலும் ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். பின்பக்க லேபிளின் படத்தையும், அது எந்த அலுவலகத்தில் என்ன வேலை செய்தது என்ற நாலு வரியையும் நமக்கு அனுப்புங்கள். நல்ல விலை கிடைத்தால் தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள். அது உங்கள் பொருள், உங்கள் உரிமை. ஆனால் இந்தியாவில் செய்த கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்தால், விற்பதற்கு முன் உங்கள் ஊர்க் கல்லூரியையோ பள்ளியையோ ஒரு முறை கேட்டுப் பாருங்கள். நம் பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்