செவிக்குள் ஓர் ஒலிபெருக்கி

குற்றாலப் பேரருவியின் அடியில் நின்றால், பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. தென்காசிக் காசிவிசுவநாதர் கோயில் பிரகாரத்தில் ஆளரவம் அடங்கிய வேளையிலோ, ஒருவர் முணுமுணுப்பதும் கேட்கும். இரண்டையும் ஏற்பது ஒரே செவிதான். நாம் கேட்கும் மிக மெல்லிய ஒலிக்கும், காது பொறுக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே செறிவில் ஏறத்தாழ இலட்சம் கோடி மடங்கு வேறுபாடு! இதை ஒரு சிறு உறுப்பு எப்படிச் சமாளிக்கிறது?

உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருப்பது காக்ளியா. நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர். உள்ளே திரவம், நெடுக ஒரு மெல்லிய சவ்வு. ஒலி இச்சவ்வின்மேல் அலையாக ஓடி, அதிர்வெண்ணுக்கேற்ற இடத்தில் உச்சம் பெறுவதைக் கண்ட பெக்கெசி 1961-இல் நோபல் பரிசு பெற்றார். ஆயினும் அவர் பெரும்பாலும் ஆராய்ந்தது இறந்தோரின் செவிகளை. அவற்றில் அலையின் உச்சம் மழுங்கியே இருந்தது.

திரவத்தில் அதிர்வு உடனே அடங்கிவிடுமே, பின் காது நுட்பமாகச் சுரம் பிரிப்பது எவ்வாறு என்று 1948-லேயே தாமஸ் கோல்ட் கேட்டார். உள்ளே ஏதோ ஒன்று ஆற்றல் ஊட்டியாக வேண்டும் என்றார். அன்று அது எடுபடவில்லை. 1978-இல் டேவிட் கெம்ப், காதிலிருந்தே ஒலி வெளிவருவதைப் பதிவு செய்தார். பச்சிளங்குழந்தைகளின் செவியை இன்று சோதிக்க உதவுவது அந்த ஒலியே. 1985-இல் பிரௌனல் குழுவினர், புற மயிரிழைச் செல்கள் மின்னழுத்தத்துக்கேற்பச் சுருங்கி நீள்வதைக் காட்டினர். ஊஞ்சலை உரிய கணத்தில் உந்துவதுபோல் இவை சவ்வை உந்துகின்றன. மெல்லிய ஒலியின் அதிர்வை நூறு மடங்குக்கு மேலும் பெருக்குகின்றன; பேரொலிக்கு அநேகமாக ஒன்றும் சேர்ப்பதில்லை. முணுமுணுப்பும் அருவியும் ஒரே செவிக்குள் அடங்கும் இரகசியம் இதுவன்றோ!

இச்செல்கள் ஒரு காதில் சுமார் 12,000. பேரொலிக்கு எளிதில் பலியாகின்றவை இவையே. அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. செவித்துணைக் கருவி ஒலியைக் கூட்டித் தரும். இரைச்சலிடையே பேச்சைப் பிரித்தறியும் பழைய நுட்பத்தை முழுதும் மீட்டுத் தராது.

வெளியிலுள்ள ஒலிபெருக்கியால் உள்ளிருக்கும் ஒலிபெருக்கியைக் கெடுத்துக்கொள்வது எவ்வகை அறிவுடைமை? சாரல் காலத்தில் வேன்களில் அலறும் பாட்டு, கொடைவிழாவில் தெருவெங்கும் கட்டும் குழாய்கள், நம் காதுகளில் சதா செருகியிருக்கும் ஹெட்போன் ஆகிய மூன்றும் இதையே செய்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பு கட்டியுள்ளன. விழா என்றால் சத்தம் வேண்டாமா என்பார் உளர். வேண்டும், மேளமும் வில்லிசையும் வேண்டும். திடலில் இருப்போர்க்குக் கேட்கும் அளவு போதும் என்பதே என் வாதம்.

மெல்டி சோதனையும் ஒத்ததிர்வும் படிக்கும் நாம், செவிப்பறையோடு பாடத்தை நிறுத்திவிடலாகாது. வரும் சாரல் காலத்தில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் டெசிபல் மானியுடன் குற்றாலத்திலும் கொடைத் திடல்களிலும் அளந்து, அக்கணக்கை ஊர்ப் பெரியவர்களிடம் வைக்கட்டும். குழாயின் திருகைக் குறைக்கச் சொல்வதற்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை.