அம்மாவின் முதுகுக்கு ஆதாரம் கேட்கிறார்கள்

அக்கரப்பத்தனையில் எங்க லயத்துக்கு வந்து, ஐம்பது வயசு தாண்டின அம்மாமாரைக் கொஞ்சம் குனிந்து நிமிரச் சொல்லிப் பாருங்க. பாதிப் பேர் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிமிருவாங்க. எங்க அம்மாவும் அப்படித்தான். கூடைக் கயிறு தலையில அழுத்தி, அந்தப் பாரம் கழுத்தில இறங்கி, இப்ப முதுகெலும்புத் தட்டு விலகியிருக்கு என்று டொக்டர் சொல்றார். நட்டஈடு கேட்டுத் தோட்டத்துக்கு எழுதினோம். ஒரே வரியில பதில்: இது வயசால வந்தது, வேலையால வந்ததுக்கு ஆதாரம் இல்லை.

ஆதாரமா? முப்பது வருசச் செக்ரோல் உங்க ஆபீஸ்லதானே இருக்கு! எந்த நாள் எத்தனை கிலோ எடுத்தா, எந்த நாள் கிலோ குறைஞ்சு அரைப் பேர் போட்டீங்க, எல்லாம் உங்க கணக்கிலதான். கூலியை வெட்டுறதுக்கு மட்டும் அது ஆதாரம் போல.

தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இங்க 1934இலேயே வந்துவிட்டது. வேலையால, வேலை நேரத்தில ஏற்படுற விபத்துக்கு முதலாளி நட்டஈடு கட்டணும். குளவிக்கொட்டு இதுக்குள்ள வரும். மலையில, எல்லார் கண் முன்னாலயும் நடக்குறதாச்சே. அதுக்கே எங்க பக்கம் பல பேர் ரெண்டு நாள் ஆஸ்பத்திரி, கொஞ்சம் ஓய்வு என்று பேசி முடிச்சிடுவாங்க. ஒரு தாளும் எழுதுறதில்ல. 2022இல் சட்டத்தைத் திருத்தி, வேலைக்குப் போய் வர்ற வழியில நடக்குற விபத்தையும் சேர்த்தாங்க. நல்லதுதான். ஆனா முதுகு ஒரே நாளில் உடையலையே. அது கிலோ கிலோவாகத் தேய்ஞ்சது. தொழில் நோய்களுக்கென்று சட்டத்தில ஒரு அட்டவணை உண்டு. ஈய நஞ்சு, ஆந்த்ராக்ஸ் என்று தொழிற்சாலைக் காலத்து நோய்களை வைத்து எழுதினது அது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய பட்டியலில் தசை, எலும்பு, மூட்டு நோய்களுக்கே தனிப் பிரிவு இருக்கு.

அமெரிக்காவில் வியட்நாம் போருக்குப் போன சிப்பாய்களும் இதே பதிலைக் கேட்டவங்கதான்: உன் புற்றுநோய்க்கும் நாங்க தெளிச்ச ஏஜென்ட் ஒரேஞ்சுக்கும் என்ன தொடர்பு, நிரூபி. அவங்க விடாமல் மேன்முறையீடு செய்தாங்க, வருசக்கணக்காகப் போராடினாங்க. 1991இல் சட்டம் மாறியது. அங்க சேவை செய்திருந்தா, பட்டியலில் உள்ள நோய் வந்திருந்தா, சேவையால வந்தது என்றே அரசு எடுத்துக்கொள்ளணும். 2022இல் ஈராக், ஆப்கானிஸ்தான் குப்பைக்குழிப் புகைக்கும் அதே விதி வந்தது. (அந்த மருந்து யார் தலையில கொட்டப்பட்டதோ, அந்த வியட்நாம் சனத்தின் வழக்கை அமெரிக்க நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த நியாயத்தின் எல்லை அவ்வளவுதான்.)

எங்களுக்கும் அந்த விதிதான் வேணும். இத்தனை வருசம் கொழுந்து எடுத்தவளுக்கு முதுகு, கழுத்து, முழங்கால் போனா வேலையால போனது என்றே எடுக்கணும். இல்லை என்றால் கம்பனி நிரூபிக்கட்டும். தேர்தலுக்குத் தேர்தல் சம்பளத்தைப் பேசுற தலைவர்மார் இதைப் பேசி நான் கேட்டதே இல்லை.

அதுவரைக்கும், வீட்டில இருக்கிற பிள்ளைகளே, தாள் சேருங்க. டிஸ்பென்சரித் துண்டு, ஆஸ்பத்திரிக் கார்ட், சம்பளத் துண்டு, குளவி கொட்டின திகதி, பக்கத்தில நின்றவங்க பேர். தோட்டம் "இல்லை" என்றதும் கதை முடியாது. நட்டஈட்டு ஆணையாளரிடம் போகலாம்.

நாங்க அடுத்த மாசம் கொழும்புக்குப் போறோம். அன்றைக்கு அம்மாவுக்குப் பேர் விழாது.