சனிக்கிழமைச் சம்பளத்தை யார் தருவது?



ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்று, 'ரக்பி லீக் தெரியுமா?' என்று பத்துப் பேரிடம் கேட்டால், ஒன்பது பேர் 'ஐ.பி.எல். மாதிரி ஏதாவதா?' என்று திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நம் மைதானங்களில் அந்த முட்டை வடிவப் பந்தை யாரும் பார்த்ததில்லை.

ஆனால், அந்த விளையாட்டு பிறந்த கதையைச் சொல்லிப்பாருங்கள். மில் கேட்டில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நிற்கும் யாருக்கும் ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும். அது பிறந்ததே, விளையாடப் போன தொழிலாளிக்குப் பிடிக்கப்பட்ட ஒரு நாள் சம்பளத்தால்தான். பெண்கள் ரக்பி லீக்கின் 2025 சீசனும், நம் ஊர்ப் பெண்கள் கபடியும் சந்திக்கும் இடமும் அதே சம்பளம்தான். இந்த வாரம் அதைத்தான் பேசப்போகிறோம்.

கபடி தெரிந்தவருக்கு ரக்பி லீக்

முதலில் ஆட்டத்தைப் பார்த்துவிடுவோம். ஓர் அணிக்கு 13 பேர். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி, தரையில் வைத்தால் 'ட்ரை'. அதற்கு 4 புள்ளிகள். பிறகு பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் இன்னும் 2. ஓடும்போது பந்தை முன்னால் இருப்பவருக்குக் கையால் வீசக் கூடாது. பக்கவாட்டிலோ பின்பக்கமோதான் கொடுக்க வேண்டும்.

எதிரணி சும்மா இருக்குமா? பாய்ந்து பிடித்துக் கீழே சாய்ப்பார்கள். நம் ஊர்ப் பாஷையில் 'பிடி'. பிடிபட்டவர் எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம். இப்படி ஆறு முறை பிடிபட்டால், பந்து எதிரணிக்குப் போய்விடும்.

கபடியில் பாடிப்போகும் ரெய்டரை ஏழு பேர் மடக்குவதும், இங்கே பந்தோடு வருபவரை மூன்று பேர் மடக்குவதும் கிட்டத்தட்ட ஒரே கலைதான். இடுப்பைப் பார், காலைப் பிடி, பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து பூட்டு. கபடியில் நல்ல கார்னர் ஆடும் பெண்ணுக்கு இந்த ஆட்டம் அந்நியமாகத் தெரியாது.

ஆறு ஷில்லிங் சண்டை

இப்போது பிளாஷ்பேக். 1890-களின் வட இங்கிலாந்து. ஹடர்ஸ்ஃபீல்டு, பிராட்ஃபோர்டு என்றால் கம்பளி மில். விகன் என்றால் பஞ்சாலையும் நிலக்கரிச் சுரங்கமும். வாரம் முழுக்க அங்கே வேலை செய்தவர்கள் சனிக்கிழமை ரக்பி ஆடினார்கள். வெளியூரில் மேட்ச் என்றால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். விட்ட நேரத்துக்குச் சம்பளம் கிடையாது.

'விளையாடச் சம்பளம் கேட்கவில்லை. விளையாடியதால் போன சம்பளத்தை மட்டும் கொடுங்கள்' என்பதுதான் வடக்கு கிளப்புகளின் கோரிக்கை. 1893-ல் லண்டனில் நடந்த ரக்பி சங்கக் கூட்டத்தில் இது ஓட்டெடுப்புக்கு வந்து தோற்றது. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை விளையாடினால் எந்தச் சம்பளமும் போவதில்லை. அவர்களைப் பொறுத்தவரை விளையாட்டு என்றால் காசு வாங்காமல் ஆடுவது.

1895 ஆகஸ்ட் 29. ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்கு கிளப்புகள், 'நீங்களும் வேண்டாம், உங்கள் சங்கமும் வேண்டாம்' என்று தனியாகப் பிரிந்தன. வேலை இழப்புக்கு ஒரு நாளைக்கு 6 ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்று விதி போட்டுக்கொண்டன. அந்தப் பிரிவுதான் பிற்காலத்தில் ரக்பி லீக் ஆனது. 13 பேர் ஆட்டம் என்ற மாற்றமெல்லாம் 1906-ல்தான் வந்தது. முதலில் பிரித்தது விதி இல்லை, சம்பளம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த 6 ஷில்லிங் பரிசுப் பணம் இல்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் கிடைக்கும். பரிசு என்பது ஜெயித்தவருக்கு. இழப்பீடு என்பது விளையாட வந்த எல்லோருக்கும்.

நூறு வருஷம் கழித்து, அதே ஊர்ப் பெண்கள்

அந்த மில் ஊர்களின் பெண்களுக்கென்று சூப்பர் லீக் தொடங்கியது 2017-ல்தான். பிராட்ஃபோர்டு, காசில்ஃபோர்டு, ஃபெதர்ஸ்டோன், தார்ன்ஹில் என நான்கே அணிகள். எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, சங்கரன்கோவில் அணிகள் சேர்ந்து ஒரு லீக் நடத்தினால் எப்படி இருக்கும், அப்படி.

2025 சீசனில் எட்டு அணிகள். அந்த வருஷம் விகன் வருஷம். ஜூன் மாதம் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த சேலஞ்ச் கோப்பை இறுதிப் போட்டியில் செயின்ட் ஹெலன்ஸை 42-6 என்று சாய்த்தார்கள். அக்டோபரில் சூப்பர் லீக் பட்டமும் அவர்களுக்கே. பெண்களின் சேலஞ்ச் கோப்பை இறுதிப் போட்டி முதன்முதலில் வெம்ப்ளிக்கு வந்ததே 2023-ல்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, அந்த 6 ஷில்லிங்? சம்பளத்துக்காகவே பிரிந்து வந்த விளையாட்டில், லீட்ஸ், யார்க் போன்ற கிளப்புகள் பெண்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது 2023 சீசனில். ஆண்களுக்கு 1895. பெண்களுக்கு 2023. நடுவில் 128 வருஷம்! இன்றும் அங்கே பெரும்பாலான வீராங்கனைகள் வேறொரு வேலையும் பார்த்துக்கொண்டுதான் ஆடுகிறார்கள்.

90-4

பணம் இருந்தால் என்ன ஆகும், இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒரே ஸ்கோரில் பதில் இருக்கிறது. 2025 மார்ச் 1, அமெரிக்காவின் லாஸ் வேகாஸ். பெண்கள் ரக்பி லீக்கில் ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் மோதின. ஆஸ்திரேலியா 90, இங்கிலாந்து 4.

ஆஸ்திரேலியப் பெண்கள் பிறவியிலேயே பலசாலிகள் என்று நினைக்க வேண்டாம். அங்கே தேசிய பெண்கள் லீக் 2018-ல் நான்கு அணிகளோடு தொடங்கி, 2023-ல் பத்தாகி, 2025-ல் பன்னிரண்டு ஆனது. 2023-ல் வீராங்கனைகளுக்கென ஊதிய ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு சீசனுக்குக் குறைந்தபட்சம் 30,000 ஆஸ்திரேலிய டாலர். நம் கணக்கில் பதினைந்து லட்ச ரூபாய்க்கு மேல். அது 2027-ல் 50,600 டாலராக உயரும். கர்ப்ப காலத்துக்கும் குழந்தை வளர்ப்புக்குமான விதிகளும் அதில் உண்டு.

பெரிய நகரங்களுக்கு மட்டுமே பலன் என்றும் சொல்ல முடியாது. நியூகாசில் என்ற நிலக்கரித் துறைமுக ஊரின் அணி, தன் முதல் சீசனில் ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லை. அடுத்த சீசனில் சாம்பியன். அதற்கடுத்த 2023 சீசனிலும் சாம்பியன். 2025 இறுதிப் போட்டியில் பிரிஸ்பேன் அணி, சிட்னி ரூஸ்டர்ஸை 22-18 என்று நூலிழையில் ஜெயித்தது. லீக் வளர வளர ஆட்டமும் நெருக்கமாகிறது.

நம்ம ஊர் நிலவரம்

இந்தியப் பெண்கள் ரக்பியே ஆடுவதில்லையா என்றால், ஆடுகிறார்கள். பீகார், ஒடிசாவிலிருந்து நல்ல வீராங்கனைகள் வருகிறார்கள். 15 பேர் ஆடும் இன்னொரு வகை ரக்பியில், 2019-ல் சிங்கப்பூரை 21-19 என வென்றதுதான் இந்தியப் பெண்களின் முதல் சர்வதேச வெற்றி. ஆனால், நம் பக்கத்துப் பெண்களுக்கு 'பிடி' ஆட்டம் என்றால் கபடிதான்.

கபடியில் நம் பெண்கள் செய்யாத சாதனை இல்லை. 2010, 2014, 2022 ஆசியப் போட்டிகளில் தங்கம். 2025 நவம்பரில் டாக்காவில் சீன தைபேயை 35-28 என வென்று உலகக் கோப்பை. அதற்கு முந்தைய மாதம் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம். அந்த அணியில் ஆடிய சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவுக்குத் தமிழக அரசு 25 லட்ச ரூபாய் கொடுத்தது.

ஆனால் லீக்? ஆண்களுக்கு 2014-லிருந்து புரோ கபடி. 2025 ஏலத்தில் ஈரான் வீரர் ஷாட்லூயி 2.23 கோடி ரூபாய்க்குப் போனார். பெண்களுக்கு, 2016-ல் புரோ கபடியோடு சேர்த்து மூன்றே அணிகளை வைத்து ஒரு குட்டிப் போட்டி நடத்தினார்கள். ஸ்டார்ம் குயீன்ஸ் அணி 24-23 என ஜெயித்தது. ஒரு புள்ளியில் முடிந்த அவ்வளவு விறுவிறுப்பான ஃபைனல்! அடுத்த வருஷம் அந்தப் போட்டியே இல்லை.

ஜெயித்த அணியின் கணக்கு

டாக்காவையும் ஏலத்தையும் விடுங்கள். கீழே வருவோம். ராஜபாளையம் என்றால் ஸ்பின்னிங் மில். பக்கத்தில் சத்திரப்பட்டி என்றால் பேண்டேஜ் துணித் தறி. சுமார் 12 கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர், பால்கோவா, ஆண்டாள் கோயில். இந்தப் பகுதியில் பள்ளி முடித்து வேலைக்குப் போகும் பெண், தொடர்ந்து கபடி ஆட நினைத்தால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அவருக்கு ஒரு ஷிஃப்ட்டுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து ஊரில் சனிக்கிழமை மின்னொளி கபடிப் போட்டி. விடிய விடிய ஆட்டம். சனிக்கிழமை ஷிஃப்ட் போச்சு. மறுநாள் உடம்பு வலியோடு மெஷினில் நிற்க முடியாது, அதுவும் போச்சு. ஆக 1,000 ரூபாய். பஸ், சாப்பாடு 200. மொத்தம் 1,200.

அணி ஜெயித்துவிட்டது! முதல் பரிசு 10,000 என்றால், 12 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 833. ஆக, கோப்பையோடு வீட்டுக்கு வரும் பெண்ணின் கையிலிருந்து 367 ரூபாய் போயிருக்கிறது. லீவே போடாதவர்களுக்குத் தரும் ஊக்கத்தொகையும் சில இடங்களில் சேர்ந்து போகும். முதல் சுற்றில் தோற்ற அணிக்கு 1,200-ம் போச்சு.

'பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கும்மா விளையாட்டு?' என்று வீட்டில் கேட்கும் கேள்விக்குப் பின்னால் பழைய மனசு இருக்கிறது, உண்மை. இந்த 367-ம் இருக்கிறது. மனசை மாற்றச் சொல்லிப் பேசுகிற நாம், கணக்கை மாற்றச் சொல்லிப் பேசுவதே இல்லை.

சம்பளம் இருக்கும் இடத்தில் கோப்பை

கணக்கு மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம்கூட வேண்டாம். தேசிய பெண்கள் கபடி சாம்பியன்ஷிப்பைப் பல வருஷங்களாக அதிகமாக ஜெயித்தது எந்த மாநிலமும் இல்லை, இந்தியன் ரயில்வே. அங்கே வீராங்கனைக்கு மாதச் சம்பளம் உண்டு, பயிற்சிக்கு நேரம் உண்டு, மேட்ச்சுக்குப் போனால் சம்பளம் பிடிப்பதில்லை. ரகசியம் அவ்வளவுதான்.

தமிழக அரசு வேலைகளில் 3 சதவிகித விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. முதலமைச்சர் கோப்பையில் பெண்கள் கபடி இருக்கிறது. நல்ல விஷயங்கள். ஆனால் இவையெல்லாம் மாநில, தேசிய அளவில் ஜெயித்த பிறகு கைக்கு வருபவை. அந்த உயரத்துக்குப் போகும் வரை, இருபது வயதுப் பெண் ஒவ்வொரு சனிக்கிழமையும் சொந்தக் காசில்தான் ஆட வேண்டியிருக்கிறது. பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள் என்றால், அது திறமைக் குறைவு இல்லை.

ஊரளவில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. போட்டி நடத்தும் அண்ணன்களே, பெண்கள் பிரிவு நோட்டீஸில் 'முதல் பரிசு, இரண்டாம் பரிசு' என்று அடிப்பதற்கு மேலே ஒரு வரி சேருங்கள்: 'கலந்துகொள்ளும் ஒவ்வொரு வீராங்கனைக்கும் ஒரு நாள் படி.' எட்டு அணி, அணிக்கு 12 பேர், ஆளுக்கு 500 என்றால் 48,000 ரூபாய். பெரிய தொகைதான். ஆனால் ஃபிளெக்ஸ், சீரியல் லைட், வாணவேடிக்கை, மேடைச் சால்வை எல்லாவற்றுக்கும் ஸ்பான்ஸர் பிடிக்கிற நமக்கு, இதற்கு ஒருவர் கிடைக்கமாட்டாரா? பரிசுத் தொகையில் பாதியைக் குறைத்தாலும் பரவாயில்லை.

மில் முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டாள் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுகிற ஊர் இது. வருஷத்தில் ஆறு நாள், சம்பளத்தோடு விளையாட்டு விடுப்பு கொடுத்தால் எந்த மெஷினும் நின்றுவிடாது. உங்கள் மில் பெயர் போட்ட ஜெர்சியில் ஒரு பெண்கள் அணி இறங்கினால், அந்த விளம்பரம் ஃபிளெக்ஸில் கிடைக்காது.

அன்று ஹடர்ஸ்ஃபீல்டு தொழிலாளர்கள் கேட்டது உலகத்தை இல்லை, 6 ஷில்லிங்கைத்தான். நம் பெண்கள் அதைக்கூட இன்னும் வாய்விட்டுக் கேட்கவில்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ கபடி ஆடும் பெண் இருந்தால், அடுத்த மேட்ச் முடிந்து வரும்போது 'ஜெயிச்சியா?' என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். 'உனக்கு இன்னிக்கு எவ்வளவு போச்சு?' என்றும் கேளுங்கள். அந்தத் தொகையைப் போட்டி நடத்துகிறவர்களிடம் போய்ச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்!