தூசியை ஒப்புக்கொள்ளும் துணிவு

2014 மார்ச் 17 அன்று, தென்துருவத்தில் அமைந்த பைசெப்-2 தொலைநோக்கியின் ஆய்வாளர்கள் ஓர் அறிவிப்பை வெளியிட்டனர். பேரண்டத்தின் தொடக்க கணத்தில் நிகழ்ந்த அதிவேக விரிவு விட்டுச்சென்ற ஈர்ப்பலைகளின் சுவடு கிடைத்துவிட்டது என்றனர். உலகெங்கும் அது தலைப்புச் செய்தியாயிற்று.

ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளுக்கு முன், ஒரு நொடியின் கோடிகோடியில் ஒரு பங்கினும் மிகக் குறைந்த நேரத்தில் பேரண்டம் பன்மடங்கு பெருத்தது என்பதே இக்கோட்பாடு. சோவியத் நாட்டின் ஸ்டாரோபின்ஸ்கி 1980இலும், அமெரிக்காவின் ஆலன் கூத் 1981இலும் இதனைத் தனித்தனியே முன்வைத்தனர். வானின் எதிரெதிர்த் திசைகளிலிருந்து வரும் ஆதிக் கதிர்வீச்சு ஏன் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருக்கிறது? இன்று எட்டாத் தொலைவிலுள்ள அப்பகுதிகள் விரிவுக்கு முன் நெருங்கியிருந்தவை என்பது இக்கோட்பாடு தரும் விடை.

தென்துருவத்தில் கண்ட சுவடு என்னவாயிற்று? ஐரோப்பாவின் பிளாங்க் விண்கலக் குழுவும் பைசெப் குழுவும் தரவுகளை இணைத்து ஆராய்ந்தன. நமது விண்மீன் மண்டலத்தின் தூசியைக் கணக்கில் கொண்டால், ஈர்ப்பலைக்கு உறுதியான சான்று எஞ்சவில்லை என 2015 ஜனவரி இறுதியில் இரு குழுக்களும் கூட்டாகவே அறிவித்தன.

அதே ஜனவரியில் மும்பையில் இந்திய அறிவியல் மாநாடு கூடியது. பண்டைக் காலத்திலேயே இங்கு விமானங்கள் பறந்தன என்னும் கட்டுரை அங்கே வாசிக்கப்பட்டது. இக்கூற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் வைமானிக சாஸ்திரம் 20ஆம் நூற்றாண்டில் இயற்றப்பட்டது, அது கூறும் விமானங்கள் பறக்க இயலாதவை எனப் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 1974இலேயே காட்டியிருந்தனர். நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அந்தக் கதையே மேடையேறியது.

நம் பக்கத்தையும் பேசியாக வேண்டும். 1947இல் ஷ்தானவ், விரியும் பேரண்டம் பற்றிய கருத்துகளைக் கருத்துமுதல்வாதம் எனச் சாடினார். தொலைநோக்கி காட்டியதைத் தத்துவத்தின் பெயரால் மறுத்த பிழை அது. அதே நாட்டின் அறிவியலாளர்தாம் பின்னர் இக்கோட்பாட்டுக்கு வித்திட்டவர்களுள் ஒருவர்.

அதிவேக விரிவு இன்றும் முற்றாக நிறுவப்படவில்லை. அதை உருவாக்கப் பங்களித்த ஸ்டைன்ஹார்ட்டே பின்னர் அதன் கடும் விமர்சகரானார். நாளை அது வீழ்ந்தால் பொருள்முதல்வாதம் வீழ்ந்துவிடாது; நிலைத்தால் எந்த வேதமும் மெய்யாகிவிடாது. ஆகவே தோழர்களே, படிப்பு வட்டங்களில் இதைக் கற்பிக்கும்போது முடிவை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். தாம் கண்டது தூசியாக இருக்கலாம் என்று உலகறிய ஒப்புக்கொண்டவர்களின் கதையையும் சொல்லுங்கள். சான்றுக்குப் பணிவதே பொருள்முதல்வாதியின் முதற்பாடம்.