வாங்குவதா, கோப்பதா?

பெண் பத்தாவது தேறிவிட்டாள். பதினோராம் வகுப்பில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்திருக்கிறாள். "வீட்டிலே ஒரு கம்ப்யூட்டர் இருந்தால்தான் படிப்பு ஓடும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சீட்டுப் பணம் நாற்பதாயிரம் ரூபாய் கைக்கு வந்திருக்கிறது. லாப்டாப் வேண்டாம், கழுத்துக்குச் சிரமம் இல்லாமல் மேஜைமேல் வைத்துப் பார்க்கிற கம்ப்யூட்டரே போதும் என்பதில் வீட்டில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. சண்டை ஆரம்பிப்பது அதற்குப் பிறகுதான்!

"பேர் பெற்ற கம்பெனியின் கம்ப்யூட்டரை அப்படியே பெட்டியோடு வாங்கிவிடலாம். ஒரு தொல்லையும் இல்லை" என்கிறார் உங்கள் வீட்டுக்காரர்.

"அதெல்லாம் தண்டச் செலவு, மாமா! பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கு ஒரு நடை போனால் உதிரிச் சாமான்களை வாங்கி நாமே கோத்துவிடலாமே" என்கிறான் உங்கள் தம்பி.

சொல்லிவிட்டு இரண்டு பேரும் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். மாதா மாதம் வயிற்றைக் கட்டிச் சீட்டுப் போட்டவர் நீங்கள் அல்லவா?

சகோதரிகளே, ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இந்தச் சண்டை நடப்பதில் ஆச்சரியமே இல்லை. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் போனால் பெங்களூர். அங்கே டவுன் ஹாலுக்குப் பக்கத்தில் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டர் சாமான் கடைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, பெங்களூருக்கு அந்தத் தெரு அப்படி. மேலும், ஓசூரே கோக்கிறவர்களின் ஊர். அசோக் லேலண்டில் லாரி கோக்கிறார்கள்; டி.வி.எஸ். ஸில் மோட்டார் சைக்கிள் கோக்கிறார்கள். டைட்டனில் கடுகத்தனை திருகாணிகளை வைத்துக் கைக்கடிகாரம் கோக்கிறார்கள். ஊரை அடுத்த டாடா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் செல்போன் பாகங்கள் செய்வதில் ஏராளமான பெண்களின் கை இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் "நாமே கோத்தால் என்ன?" என்ற கேள்வி எழாமல் இருக்குமா?

ரவிக்கை விஷயத்தை நினைத்துக் கொள்ளுங்கள். தைத்த ரவிக்கை வாங்கினால் அன்றைக்கே போட்டுக் கொள்ளலாம். துணி எடுத்துத் தைத்தால் நம் உடம்புக்குச் சரியாக இருக்கும். பிரித்துவிடவும் உள்ளே மடிப்பு இருக்கும். ஆனால் துணியும் நூலும் லைனிங்கும் கூலியும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால்தான் எது மலிவு என்று தெரியும். கம்ப்யூட்டரும் அப்படித்தான்.

பெட்டிக்குள்ளே என்ன இருக்கிறது? பயப்படும்படி ஒன்றும் இல்லை, ஆறு சாமான்கள். கணக்குப் போடும் மூளை பிராசஸர். எல்லாவற்றையும் தாங்குகிற பலகை மதர்போர்டு. வேலை நடக்கும்போது சாமான்களைப் பரப்பிக் கொள்கிற சமையல் மேடை மாதிரி ரேம். வேலை முடிந்ததும் எடுத்து வைக்கிற அலமாரி மாதிரி எஸ்.எஸ்.டி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட்டாகவும் அதற்குக் கீழாகவும் அடக்கித் தருகிற எஸ்.எம்.பி.எஸ். இவற்றையெல்லாம் மூடி வைக்கிற கேபினெட். வெளியே மானிட்டர், கீபோர்டு, மவுஸ். அவ்வளவுதான். பேர் பெற்ற கம்பெனிகளும் பெரும்பாலும் இன்டெல், ஏ.எம்.டி. என்ற இரண்டில் ஒன்றின் பிராசஸரைத்தான் வாங்கிப் பொருத்துகின்றன.

உண்மையில், வீட்டுக் கம்ப்யூட்டர் பிறந்ததே கோப்பதில்தான். 1975-ல் அமெரிக்காவில் வந்த ஆல்டேர் 8800 என்ற கம்ப்யூட்டரைப் பல பேர் உதிரிச் சாமான்களாகத் தபாலில் வரவழைத்து, தாங்களே பற்றவைத்துக் கோத்தார்கள். 1976-ல் ஆப்பிள் கம்பெனி விற்ற முதல் கம்ப்யூட்டர் வெறும் பலகைதான். பெட்டியும் கீபோர்டும் வாங்கினவர் பொறுப்பு. 1981-ல் ஐ.பி.எம். கம்பெனி, பிறர் செய்த சாமான்களைக் கொண்டே தன் கம்ப்யூட்டரை உண்டாக்கிற்று. அதைப் பார்த்து மற்றவர்களும் அதே மாதிரி செய்யத் தொடங்கினார்கள். 1995-ல் இன்டெல் கம்பெனி ஏ.டி.எக்ஸ். என்ற அளவை வகுத்தது. பலகையில் திருகாணித் துளை எங்கே இருக்க வேண்டும், மின்சார இணைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் அடக்கம். இன்று ஒரு கடையில் கேபினெட்டும் மற்றொரு கடையில் மதர்போர்டும் வாங்கினால் இரண்டும் பொருந்துகின்றன என்றால், அதற்குக் காரணம் இப்படிப்பட்ட பொது அளவுகள்தாம்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம்.

கோத்தால் மலிவு என்று ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இப்போது அப்படிச் சொல்வதற்கில்லை. பெரிய கம்பெனிகள் மொத்தமாகச் சாமான் வாங்குகின்றன. நாம் சில்லறையாக வாங்குகிறோம். போதாக்குறைக்கு, செயற்கை நுண்ணறிவுக்காக உலகமெங்கும் பிரம்மாண்டமான கம்ப்யூட்டர் நிலையங்கள் கட்டுகிறார்கள் அல்லவா? அவர்கள் மெமரி சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதில், 2025-ஆம் வருஷக் கடைசியில் ரேம் விலை கிடுகிடுவென்று ஏறிவிட்டது. ஆகவே போன வருஷம் யாரோ கோத்த விலையைத் தம்பி சொன்னால் நம்பிவிடாதீர்கள். இரண்டு பட்டியல்களையும் ஒரே நாளில், ஒரே தாளில் எழுதிப் பாருங்கள்.

எல்லை தாண்டினால் வரி மிச்சம் என்ற பேச்சும் இனிச் செல்லாது. இரண்டு மாநிலங்களிலும் விற்பனை வரி வெவ்வேறாக இருந்த காலம் 2017 ஜூலை 1-ஆம் தேதியோடு முடிந்தது. கம்ப்யூட்டருக்கும் அதன் சாமான்களுக்கும் ஜி.எஸ்.டி. நூற்றுக்குப் பதினெட்டு, பெங்களூரானாலும் ஓசூரானாலும் ஒன்றுதான். நாற்பதாயிரம் ரூபாய்ப் பொருளில் ஏறக்குறைய 6,100 ரூபாய் வரி. "பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்று கடைக்காரர் ஆசை காட்டுவது இந்தத் தொகையைத்தான். மயங்கிவிடாதீர்கள். பில் இல்லையென்றால் கியாரண்டியைக் கேட்க வழி இல்லை.

இன்னொரு செலவைத் தம்பிமார் சௌகரியமாக மறந்துவிடுவார்கள். அது விண்டோஸ். பெட்டியோடு வரும் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் விண்டோஸ் 11 விலையில் சேர்ந்தே வரும். கோக்கிற கம்ப்யூட்டருக்கு அதைத் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டும். "நானே போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம்" என்று கடைப் பையன் சொன்னால் அது திருட்டுப் பிரதி. பாங்குக் கணக்கைப் பார்க்கிற கம்ப்யூட்டரில் அது கூடவே கூடாது. விலை கொடுக்க மனம் இல்லையா? உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகள் நியாயமாகவே இலவசமாகக் கிடைக்கின்றன. பள்ளிப் பாடத்துக்கும் கடிதம் எழுதவும் தமிழ் அடிக்கவும் தாராளமாகப் போதும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் ஓடுகிற நாளைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அது நின்றுபோகிற நாளில் என்ன செய்வது? பெண்ணுக்கு மறுநாள் பரீட்சை. பித்தானை அழுத்தினால் சத்தமே இல்லை. அப்போது யாரைக் கூப்பிடுவீர்கள்?

பெட்டியோடு வாங்கினால் ஒரே பில், ஒரே டெலிபோன் நம்பர். பல கம்பெனிகள் ஆளை வீட்டுக்கே அனுப்பிப் பார்க்கின்றன. ஆனால் பெங்களூரில் இருப்பவருக்குக் கிடைக்கிற சேவை உங்கள் பேட்டைக்கும் கிடைக்குமா என்று கேளுங்கள். உங்கள் பின்கோடைச் சொல்லி, வாங்குவதற்கு முன்பே விசாரித்து எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். கியாரண்டி ஒரு வருஷமா, மூன்று வருஷமா என்பதையும் பாருங்கள்.

கோத்த கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு சாமானுக்கும் ஒவ்வொரு கியாரண்டி. அவை பெரும்பாலும் நீண்ட காலத்துக்கு உண்டு. சீல் வைத்த பெட்டியில் வரும் இன்டெல், ஏ.எம்.டி. பிராசஸருக்கு மூன்று வருஷம். நல்ல எஸ்.எஸ்.டி.க்கு மூன்றிலிருந்து ஐந்து வருஷம். ஆனால் எது கெட்டது என்று கண்டுபிடிப்பதும், அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவதும் உங்கள் பாடு. தம்பிக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டால்? ஆகவே கோப்பதானால் கடைக்காரரிடம் பில்லில் ஒவ்வொரு சாமானின் சீரியல் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். பெட்டி இல்லாமல் டிரேயில் வரும் பிராசஸர் விலை குறைவாக இருக்கும். அதற்குக் கம்பெனி நேராகப் பொறுப்பு ஏற்காது, விற்றவர்தான் பொறுப்பு.

பெங்களூரில் வாங்கிய சாமானில் தகராறு வந்தால் அங்கேதான் அலைய வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். முதல் படியாக 1915 என்ற நம்பருக்குப் போன் செய்தும் முறையிடலாம். கையில் பில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"பேர் பெற்ற கம்பெனி என்றைக்கும் நிற்கும்" என்கிற வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. திருச்செந்தூர்ப் பக்கத்து மூலைப்பொழியில் பிறந்த சிவ நாடாரும் நண்பர்களும் 1976-ல் தொடங்கிய எச்.சி.எல்., நம் நாட்டில் வீடு தோறும் தெரிந்த கம்ப்யூட்டர்ப் பெயராக இருந்தது. 2013-ல் அது கம்ப்யூட்டர் தயாரிப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தது. அதே வருஷம் பெங்களூர் விப்ரோவும் கம்ப்யூட்டர் தயாரிப்பதை நிறுத்துவதாகச் சொல்லிவிட்டது. இரண்டு கம்பெனிகளும் இன்று வேறு துறைகளில் ஓகோ என்று இருக்கின்றன. ஆனால் அந்தப் பெயரில் புதுக் கம்ப்யூட்டர் வருவதில்லை. பெயர் போனாலும் பொது அளவுச் சாமான்கள் போட்ட கம்ப்யூட்டரை யார் வேண்டுமானாலும் பழுது பார்க்கலாம். பெட்டியோடு விற்கும் சில கம்ப்யூட்டர்களில் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் மதர்போர்டும் அந்தக் கம்பெனிக்கே உரிய தனி அளவில் இருக்கும். அது கெட்டால் எஸ்.பி. ரோடு முழுவதும் அலைந்தாலும் மாற்றுச் சாமான் சுலபத்தில் அகப்படாது. "இதன் எஸ்.எம்.பி.எஸ். பொது அளவா? பின்னால் ரேம் கூட்ட இடம் இருக்கிறதா?" என்ற இரண்டு கேள்விகளைக் கடையில் தைரியமாகக் கேளுங்கள்.

கோப்பவர்களுக்கும் எச்சரிக்கை உண்டு. கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை நம்பாதீர்கள். மின்சாரம் ஏறி இறங்கும் வீட்டில், மற்றச் சாமான்களையெல்லாம் காப்பாற்ற வேண்டியது அதுதான். '80 பிளஸ்' முத்திரையுள்ள, நல்ல கம்பெனியின் 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். சாதாரண வீட்டு உபயோகத்துக்குப் போதும். அடுத்து, ஜோடிப் பொருத்தம். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 மதர்போர்டுக்கு டி.டி.ஆர்.5 ரேம்தான் சேரும், பழைய ஏ.எம்.4-க்கு டி.டி.ஆர்.4 தான். மாற்றி வாங்கினால் பள்ளமே பொருந்தாது. கோக்கத் தொடங்குமுன் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக் கொள்ள வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் பிரிக்கக் கூடாது. இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

ஆபீசில் உபயோகித்த பழைய கம்ப்யூட்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்கிறீர்களா? விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்க, இன்டெல்லானால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸர் வேண்டும். அதைப் பார்த்து வாங்கினால் மோசமில்லை.

முடிவாக என்ன செய்வது? வீட்டில் எல்லோரும் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள், ஒருவருக்கும் நேரம் இல்லை, கம்பெனி ஆள் உங்கள் வாசலுக்கு வருவதும் நிச்சயம் என்றால், தயங்காமல் பெட்டியோடு வாங்குங்கள். நாலைந்து ஆயிரம் கூடுதலாக ஆனாலும் அது நிம்மதிக்குக் கொடுக்கிற விலை. பொறுமையும் ஆசையும் உள்ள ஒருவர் வீட்டிலேயே இருந்தால், விலை ஒன்றாகவே இருந்தாலும் கோப்பதுதான் நல்லது.

அந்த ஒருவர் உங்கள் தம்பியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஊரில் எத்தனையோ பெண்கள் தொழிற்சாலையில் நாள் முழுவதும் திருகாணி முடுக்கிவிட்டு வருகிறார்கள். வீட்டுக்கு வந்தால் மட்டும் "அதைத் தொடாதே, கெட்டுவிடும்!" என்ற பேச்சு. கம்ப்யூட்டர் யாருடைய படிப்புக்காக வருகிறதோ, அவள் கையில் திருப்புளியைக் கொடுங்கள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரட்டும். ஒரு மத்தியானத்து வேலை. பரீட்சைக்கு முதல் நாள் கம்ப்யூட்டர் நின்றுபோனால், எந்தச் சாமான் நின்றது என்று அவளுக்கே தெரியும். நீங்கள் யாரையும் தேடி ஓட வேண்டியதில்லை.